மலையிறங்கும் சைக்கிள்: பணத்தை எதில் போடுவது?

இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை சைக்கிளில் போய் வந்தவர்களுக்கு ஒன்று தெரியும். அந்த வழியில் மலை என்று எதுவும் கிடையாது. கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் மேலே, பாய் விரித்தாற்போல் கிடக்கும் நிலம் அது. ரயில் பாதையைத் தாண்டுகிற மேம்பாலங்கள்தாம் அங்குள்ள பிள்ளைகளுக்கு மலைகள். அப்படிப்பட்ட பகுதியில் வளர்ந்த பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன், ஏலகிரி மலையிலிருந்து நண்பர்களோடு சைக்கிளில் இறங்கப் போவதாகச் சொல்லி என்னிடம் யோசனை கேட்க வந்தான். கையில் 12,000 ரூபாய் இருந்தது. இரண்டு ஆண்டுச் சேமிப்பு.

அவன் முன் மூன்று வழிகள் இருந்தன. துறைமுகத்தில் வேலை பார்க்கும் அப்பாவின் 22 அங்குல சைக்கிளையே பழுது பார்த்து எடுத்துச் செல்லலாம். அல்லது முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர், டிஸ்க் பிரேக், பளபளக்கும் வண்ணம் எல்லாம் கொண்ட புது சைக்கிளை வாங்கலாம். விலை கையிருப்புக்குச் சரியாக இருந்தது. மூன்றாவது, தெரிந்தவர் ஒருவர் விற்க வைத்திருந்த பழைய கியர் சைக்கிள். பின்புறம் ஷாக் அப்சார்பர் இல்லை, அலுமினிய ரிம், ரிம்மின் இருபுறமும் கவ்விப் பிடிக்கும் 'வி' பிரேக், பார்க்க ரொம்ப சாதாரணம்.

"ரெண்டாவதுதான் சார் மலைக்கு ஏத்தது மாதிரி இருக்கு" என்றான். கடைக்காரரும் அப்படித்தான் சொல்லியிருந்தார். மாதிரி இருப்பது வேறு, இருப்பது வேறு. எது ஏற்றது என்பதை இயற்பியல் கொண்டு பார்ப்போமா?

முதலில் ஒரு கேள்வி. மலையிலிருந்து இறங்கும் சைக்கிள் செய்கிற வேலை என்ன? சமதரையில் நம் கால்கள் தரும் ஆற்றலைச் சக்கரத்துக்குக் கொண்டு செல்வதே அதன் வேலை. இறக்கத்தில் நிலைமை தலைகீழ். நாம் மிதிக்க வேண்டியதில்லை. புவியீர்ப்பு வேண்டிய மட்டும் ஆற்றலை வாரி வழங்குகிறது. அதை எங்கே கொட்டுவது என்பதே சிக்கல்.

மாணவன் 55 கிலோ, சைக்கிள் 15 கிலோ, பையும் தண்ணீரும் 5 கிலோ. ஆக 75 கிலோ. மலையின் மேலிருந்து அடிவாரத்துக்கு 600 மீட்டர் இறக்கம் எனக் கொள்வோம். (அடிவாரத்தில் உள்ள ஊருக்கும் பொன்னேரி என்றுதான் பெயர். நம் எண்ணூருக்கு வடக்கே இருக்கும் பொன்னேரி வேறு, குழம்பிவிட வேண்டாம்.) 6 மீட்டர் உயர மேம்பாலங்கள் நூற்றை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய உயரம் அது. நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் நிலையாற்றல் கிடைக்கும்: 75 × 9.8 × 600 = 4,41,000 ஜூல்.

இந்த ஆற்றல் முழுவதும் வேகமாக மாறினால் அடிவாரத்தில் நம் மாணவனின் வேகம் மணிக்கு 390 கிலோமீட்டர்! நடக்கிற காரியமா? ஆகவே இந்த நாலரை லட்சம் ஜூலும் வழியிலேயே வெப்பமாக மாறியாக வேண்டும். ஒன்றரை லிட்டர் தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டு வரப் போதுமான வெப்பம் இது. ஒரு பங்கு காற்றைத் தள்ளுவதில் போகும். ஒரு சிறு பங்கு டயர் நசுங்கி நிமிர்வதில் போகும். மீதி முழுவதும் பிரேக்கின் தலையில்.

இதைக் கணக்குப் போட்டுப் பார்க்காமல், கையைச் சுட்டுக்கொண்டு தெரிந்துகொண்ட ஒரு கூட்டம் உண்டு. மலையிறங்கும் சைக்கிளின் வரலாறே அவர்களிடம்தான் தொடங்குகிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் மரின் வட்டாரத்தில், 1970-களில் சில இளைஞர்கள், 1930-களிலும் 40-களிலும் செய்யப்பட்ட பருத்த டயர் ஷ்வின் சைக்கிள்களைப் பழைய சாமான் விலைக்கு வாங்கி, மலைப்பாதையில் உருட்டி விளையாடினார்கள். 1976 அக்டோபர் 21 அன்று முதல் பந்தயம் நடந்தது. சுமார் 400 மீட்டர் இறக்கம். மூன்று கிலோமீட்டர் சொச்சம் மண்பாதை. கேரி ஃபிஷர் என்பவர் அதை 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கியது சாதனையாக நின்றது.

அந்தப் பழைய சைக்கிள்களில் பின் சக்கரத்தில் மட்டும், ஹப்புக்குள்ளேயே, ஒரு பிரேக் இருந்தது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும். இறங்கும்போது சேர்ந்த வெப்பம் முழுவதும் அந்தச் சின்ன உருளைக்குள் அடைந்து கிடக்கும். உள்ளே இருந்த கிரீஸ் கருகிப் புகையாக வெளியேறும். ஒவ்வொரு முறை இறங்கிய பிறகும் ஹப்பைப் பிரித்துப் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. அதனால் அந்தப் பாதைக்கே 'ரீபேக்', அதாவது 'மறுபடி அடை', என்று பெயர் வந்துவிட்டது. ஒரு தெருவுக்கு வெப்ப இயக்கவியல் பெயர் சூட்டியது எனக்குத் தெரிந்து அங்கு மட்டும்தான்!

அவர்கள் முதலில் எதை மாற்றினார்கள் என்பதைக் கவனியுங்கள். இருக்கையையோ வண்ணத்தையோ அல்ல. டிரம் பிரேக் பொருத்தினார்கள்; மோட்டார் சைக்கிளின் பிரேக் பிடிகளை மாட்டினார்கள்; மேலே ஏறுவதற்காகக் கியர் வைத்தார்கள். (திருவொற்றியூர் என்பீல்டு ஆலையிலிருந்து வந்த புல்லட் வண்டிகளிலும் பல பத்தாண்டுகள் இருந்தது டிரம் பிரேக்தான்.) 1977-இல் ஜோ பிரீஸ் என்பவர் இதற்கென்றே புதிய சட்டம் ஒன்றைச் செய்தார். ஷாக் அப்சார்பர் இந்தப் பட்டியலில் இல்லை.

இனி, பிரேக்குக்கு எவ்வளவு வேலை என்று விரிவாகப் பார்ப்போம். 10 மீட்டர் போனால் 1 மீட்டர் இறங்கும் சாய்வு ஒன்றை எடுத்துக்கொள்வோம். புவியீர்ப்பு நம்மைக் கீழே இழுக்கும் விசை சுமார் 73 நியூட்டன். டயரின் உருளல் தடை போக 68 நியூட்டன் மிஞ்சும். காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். நிமிர்ந்து உட்கார்ந்த மாணவனுக்கு, பிரேக்கே பிடிக்காமல் விட்டால், மணிக்கு 49 கிலோமீட்டரில் காற்றின் தடை இழுவிசைக்குச் சமமாகிவிடும். அதற்கு மேல் வேகம் கூடாது.

இப்போது பிரேக்கை மெல்லப் பிடித்து ஒரே சீரான வேகத்தில் இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 10 கிலோமீட்டரில் இறங்கினால் பிரேக்கில் விநாடிக்கு 180 ஜூல் வெப்பம், அதாவது 180 வாட், பிறக்கும். 20 கிலோமீட்டரில் 315 வாட். 28-இல் 360 வாட். 40-இல் 260 வாட்தான். 49-இல் பூஜ்யம், எல்லாவற்றையும் காற்றே எடுத்துக்கொள்கிறது. வேகம் கூடக் கூடப் பிரேக் சூடாகும் என்று நினைத்தோம் அல்லவா? ஓர் எல்லை வரைதான் அது உண்மை. நடுத்தர வேகத்தில், பயந்து பயந்து விடாமல் பிடித்துக்கொண்டு வருகிறவனுடைய பிரேக்தான் அதிகம் காய்கிறது. 360 வாட் என்பது 750 வாட் இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் ஏறத்தாழப் பாதி.

அப்படியானால் 49 கிலோமீட்டரில் விட்டுவிடலாமே என்று கேட்கக்கூடாது. ஏலகிரிப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. 8 மீட்டர் ஆரமுள்ள வளைவு, உராய்வுக் குணகம் 0.6 எனக் கொண்டால், வழுக்காமல் திரும்பக்கூடிய உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர். வளைவில் மணல் கிடந்து உராய்வு பாதியானால் 17 கிலோமீட்டர். ஆகவே பார்வை எட்டும் நேர்வழியில் சற்று ஓடவிட்டு, வளைவுக்கு முன்பே அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு பிரேக்கை விட்டுத் திரும்புவதுதான் முறை. விட்ட நேரத்தில் பிரேக்கும் ஆறிக்கொள்ளும்.

இந்த வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் பொருள் எது? ரிம் பிரேக்கில் அலுமினிய ரிம். அதன் நிறை 450 கிராம் என்றால், ஒரு டிகிரி சூடேற 400 ஜூலுக்குச் சற்று மேல் வேண்டும். டிஸ்க் பிரேக்கில் 120 கிராம் எஃகுத் தகடு. 60 ஜூலிலேயே ஒரு டிகிரி ஏறிவிடும். ஆகவே டிஸ்க் மிக விரைவாகக் கொதிக்கும். ஆனால் அது காற்றில் தனியாகச் சுழல்வதால் விரைவில் ஆறவும் செய்யும். டியூபுக்குப் பக்கத்தில் இல்லாததால் டியூப் வெடிக்கும் அபாயமும் இல்லை. சேறு அதை எளிதில் எட்டாது. நல்ல டிஸ்க் பிரேக் மலைக்கு மிகச் சிறந்தது என்பதில் ஐயமில்லை.

'நல்ல' என்ற சொல்தான் இங்கே விலை உயர்ந்தது. 16 சென்டிமீட்டர் விட்டமுள்ள டிஸ்கைப் பிடிப்பது, அச்சிலிருந்து ஏழெட்டு சென்டிமீட்டர் தூரத்தில். ரிம்மைப் பிடிப்பதோ 27 சென்டிமீட்டருக்கு மேல். சக்கரத்தை நிறுத்தும் திருப்புத்திறன், விசையையும் தூரத்தையும் பெருக்கி வருவது. ஆகவே அதே அளவு நிறுத்த, டிஸ்கை ஏறத்தாழ நாலு மடங்கு அழுத்தமாகக் கவ்வ வேண்டும். எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக்குக்கு இது எளிது. பாஸ்கல் விதி கைகொடுக்கும். மலிவான சைக்கிளில் இருப்பதோ ஒயரால் இழுக்கும் டிஸ்க். ஒயர் நீள்கிறது, அதன் உறை நசுங்குகிறது, கவ்வி வளைகிறது. கை கொடுத்த விசையில் கணிசமான பகுதி வழியிலேயே தின்னப்பட்டுவிடுகிறது. ஆகவே 'டிஸ்க்' என்ற பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. சொல்லப்போனால், ரிம் பிரேக்கே அரை மீட்டருக்கு மேல் விட்டமுள்ள ஒரு பெரிய டிஸ்க்தானே!

அப்பாவின் சைக்கிள் இந்த இடத்தில்தான் தோற்றுப்போகிறது. சட்டம் இரும்பு, நூறு கிலோவைத் தாங்கும். ஆனால் ரிம் குரோம் பூசிய இரும்பு. நனைந்துவிட்டால் அதற்கும் ரப்பர் கட்டைக்கும் இடையே உராய்வு பல மடங்கு குறைந்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் இதை அனுபவிக்காத சைக்கிள்காரர் நம் ஊரில் உண்டா? சமதரையில் காலை ஊன்றிச் சமாளித்துக்கொள்வோம். மலையில் முடியாது. அப்பாவின் சைக்கிளில் முன் பிரேக்கையும் எந்தக் காலத்திலோ கழற்றி வைத்துவிட்டார்கள். முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவோம் என்ற பயம்.

பயத்தில் அரைப் பங்கு நியாயம் இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது உடல் முன்னால் சாய்கிறது. பின் சக்கரத்தின் மேலுள்ள பாரம் முன் சக்கரத்துக்கு மாறுகிறது. ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 1.1 மீட்டர் உயரத்தில், முன் சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்கு 0.6 மீட்டர் பின்னால் இருப்பதாகக் கொண்டால், புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.55 பங்குக்கு மேல் வேகத்தைக் குறைக்க முயன்றால் சைக்கிள் கவிழும். அதற்குச் சற்றுக் குறைவாக, 0.45 பங்கு வரை, இரு பிரேக்குகளையும் சேர்த்துப் பிடித்துப் பெறலாம். பின் பிரேக் மட்டும் என்றால்? பாரம் முன்னால் ஓடிவிடுவதால் பின் டயர் தேய்த்துக்கொண்டே போகும். உராய்வுக் குணகம் 0.7 இருந்தாலும் கிடைப்பது 0.23 பங்குதான்.

மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில், சமதரையில், இது 11 மீட்டருக்கும் ஐந்தரை மீட்டருக்கும் உள்ள வேறுபாடு. மேற்சொன்ன சாய்விலோ புவியீர்ப்பு 0.10 பங்கைத் தின்றுவிடும். 0.45-இல் 0.35 மிஞ்சும், 0.23-இல் 0.13தான் மிஞ்சும். இரண்டு பிரேக்கும் உள்ளவன் 7 மீட்டரில் நிற்பான். பின் பிரேக் மட்டும் உள்ளவனுக்கு 19 மீட்டர் வேண்டும். இடைப்பட்ட 12 மீட்டர் எவ்வளவு என்று எண்ணூர் நெடுஞ்சாலைப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் லாரிகளின் மேலுள்ள 40 அடி கண்டெய்னர் ஒன்றின் முழு நீளம் அது.

இறக்கத்தில் இருக்கையைத் தாழ்த்தி, உடலைப் பின்னால் தள்ளி உட்காருவதன் காரணமும் இதிலேயே விளங்கும். 0.6 மீட்டரை நீட்டுகிறோம், 1.1 மீட்டரைக் குறைக்கிறோம். காசு செலவில்லாத முன்னேற்றம்!

ஷாக் அப்சார்பருக்கு வருவோம். மலையிறங்கும் பந்தயங்களுக்கென்றே செய்த சைக்கிள்களில் சக்கரம் 20 சென்டிமீட்டர் வரை மேலும் கீழும் அசையும். விலை லட்சங்களில். அவற்றின் உள்ளே சுருள்வில் அல்லது அடைத்த காற்று இருக்கும். அதோடு சின்னத் துளைகள் வழியே எண்ணெயைப் பிதுக்கும் ஒரு பிஸ்டனும் இருக்கும். வில் ஆற்றலைச் சேமிக்கிறது. எண்ணெய் அதை வெப்பமாக்கி அழிக்கிறது. தடையுறு அலைவு என்று பாடத்தில் படிப்பது இதைத்தான். மலிவு சைக்கிளில் வில் மட்டுமே இருக்கும். வாங்கிய ஆற்றலை அடுத்த கணமே திருப்பித் தந்துவிடும். கல்லில் ஏறிய சக்கரம் துள்ளும். துள்ளும் நேரத்தில் தரையை அழுத்தாது. அழுத்தாத சக்கரத்துக்கு உராய்வு ஏது? ஆக, பிரேக் தேவைப்படும் இடத்திலேயே பிரேக்கைப் பறித்துவிடுகிறது. பின்புற ஷாக் அப்சார்பரால் இரண்டு மூன்று கிலோ கூடுதல் எடையும், ஆடித் தேயும் ஒரு மூட்டும் இலவச இணைப்பு.

கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பாரை இரு கைகளாலும் பலமாக அழுத்திச் சட்டென்று விடுங்கள். ஒரே மூச்சில் எழும்பி அடங்கினால் உள்ளே தடை இருக்கிறது. டொக்கென்று எழும்பி, இரண்டு மூன்று முறை ஆடி நின்றால் வெறும் வில். நம் மாணவன் அந்தப் புது சைக்கிளில் இதைச் செய்து பார்த்துவிட்டு வந்து, "மூணு வாட்டி ஆடுச்சு சார்" என்றான்.

ஏழைக்கேற்ற ஷாக் அப்சார்பர் ஒன்று உண்டு. அது பருத்த டயர். சக்கரத்தின் மேல் 400 நியூட்டன் பாரம் இருக்க, டயரில் 70 பவுண்டு காற்று அடித்தால் தரையைத் தொடும் பரப்பு சுமார் 8 சதுர சென்டிமீட்டர். 35 பவுண்டாகக் குறைத்தால் சுமார் 17. கல்லைச் சுற்றி வளைந்து கொடுக்கும். நசுங்கி நிமிர்கையில் ரப்பர் கொஞ்சம் ஆற்றலையும் விழுங்கும். ரொம்பக் குறைத்தால் ரிம் தரையில் இடிக்கும். பழைய ஷ்வின் சைக்கிள்களின் டயரைப் பலூன் டயர் என்றே அழைத்தார்கள். 1946-இல் திருவொற்றியூரில் விளையாட்டுப் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எப். பிற்பாடு டயர் செய்யப் போனதும் ஒரு வேடிக்கையான ஒற்றுமை.

கியரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேலே ஏற உதவும், இறங்க அல்ல. ஏழு இருந்தாலும் இருபத்தொன்று இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

மூன்றாவது சைக்கிளையே எடுக்கச் சொன்னேன். ஆனால் கடலோரப் பகுதியில் பழைய சைக்கிள் வாங்குகிறவர் உப்புக் காற்றை மறக்கக் கூடாது. வெளியே வண்ணம் பூசி மறைத்துவிடலாம். இருக்கைக் குழாயைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் துரு பல்லிளிக்கும். ஹேண்டில்பாருக்குக் கீழே, இரு குழாய்கள் சேரும் பற்றவைப்பில் மயிரிழை அளவு விரிசல் இருந்தாலும் வேண்டாம் என்று வந்துவிட வேண்டும். எவ்வளவு மலிவானாலும் சரி. ரிம்மின் பக்கங்கள் தேய்ந்து குழிந்திருக்கக் கூடாது. பிரேக் ஒயர்கள், உறைகள், கட்டைகள் மூன்றையும் பார்க்காமலேயே புதிதாக மாற்றிவிட வேண்டும். இந்தச் செலவில் மிச்சம் பிடிப்பது நல்லதல்ல.

12,000 ரூபாயிலிருந்து முதலில் எடுத்து வைக்க வேண்டியது ஹெல்மெட்டுக்கான பணம். ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தலை தரையில் மோதினால் அதன் வேகம் விநாடிக்கு 5.4 மீட்டர். தோலும் எலும்பும் 5 மில்லிமீட்டர் நசுங்கி நின்றால், தலை அனுபவிப்பது புவியீர்ப்பைப் போல 300 மடங்கு. ஹெல்மெட்டின் நுரை 25 மில்லிமீட்டர் நசுங்கினால் 60 மடங்கு. நசுங்கிய நுரை மீண்டும் நிமிராது. ஆகவே இதை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். அதற்கும் பிரேக் சாமான்களுக்கும் 2,500 ரூபாய் ஒதுக்கிவிட்டு, மீதிக்குள் சைக்கிளைப் பேசி முடிக்கும்படி அவனிடம் சொன்னேன். டயரை அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாம்.

நீங்களும் ஒரு சோதனை செய்து பாருங்கள். தெருவில் வேண்டாம், பள்ளி மைதானத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில். சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். ஓர் ஓட்டக்காரன் பக்கத்தில் சீராக ஓட, அவன் வேகத்தில் வந்து கோட்டைத் தொட்டதும் பின் பிரேக்கை மட்டும் பிடித்து, நின்ற தூரத்தை அளந்து குறியுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்திப் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொன்றையும் ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். தரையை நனைத்து ஒரு முறை, ரிம்மை மட்டும் நனைத்து ஒரு முறை செய்தால், வழுக்குவது டயரா பிரேக் கட்டையா என்பதும் வெளிப்பட்டுவிடும்.

கையோடு ஒரு கணக்கும் தருகிறேன். காசிமேட்டிலிருந்து மீன் கூடையும் ஐஸுமாக 60 கிலோவைப் பின் கேரியரில் ஏற்றிக்கொண்டு வருகிறார் ஒரு மீன் வியாபாரி. அவர் சைக்கிளிலும் பின் பிரேக் மட்டும்தான். ஈர்ப்பு மையம் இப்போது பின்னாலும் கீழேயும் நகர்ந்துவிட்டது. முன் சக்கரத்திலிருந்து அதன் தூரம் 0.8 மீட்டர், உயரம் 1 மீட்டர், இரு சக்கரங்களுக்கும் இடைவெளி 1.05 மீட்டர், உராய்வுக் குணகம் 0.7 எனக் கொள்ளுங்கள். பிரேக் கட்டைக்குச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் வலிமை இருக்குமானால், சமதரையில் அவர் நம் மாணவனைவிடக் குறைந்த தூரத்தில் நிற்பாரா, கூடுதல் தூரத்தில் நிற்பாரா? அந்த 'இருக்குமானால்' என்பதைச் சேர்த்து யோசித்து விடை எழுதுங்கள்.